கரண்டி மூக்குப் பறவைகளும் என் மனைவியின் வலது கண்ணும்

2009ஆம் ஆண்டு மாசி மாதம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கண் டாக்டரைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியவர் என் மனைவியின் தம்பி. பின் இருக்கையில் நானும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த என் மனைவியும்.

அவளுக்கு இடது கண் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது. நரம்பு கொஞ்சம் வீக்கா இருக்கு. பார்வை எவ்வளவு திரும்பும்னு போகப்போகத்தான் தெரியும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் 'போகப்போக' என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நான் எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். படி ஏறினால் படியை எண்ணுவேன், பஸ்ஸில் போனால் விளக்குக் கம்பத்தை எண்ணுவேன். ஆகவே தினமும் காலையில் அவள் முன்னால் நின்று விரல்களைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்பேன். ஒரு நாளும் அவள் தப்பாகச் சொன்னதில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறாள்?

புதுச்சத்திரம் தாண்டியதும் சாலையில் வேலை நடக்கிறதென்று வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். பெருமாள் ஏரிப் பக்கமாகப் போகும் ஒரு கிராமத்துச் சாலையை மச்சான் பிடித்தார். கரையை ஒட்டிப் போகும்போது முன் டயர் பஞ்சர்.

பதினொரு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. "மச்சான், ஸ்டெப்னியில காத்து பாத்தீங்களா?"

"நேத்தே நீங்க மூணு தபா கேட்டீங்க மாமா. உங்களுக்குப் பயந்தே பாத்து வச்சிருக்கேன். அக்காவ எறக்கி நெழல்ல நிறுத்துங்க."

கண்ணில் தூசி விழுந்தால் என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டே அவளைக் கைப்பிடித்துக் கரையில் இருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து ஏரியைப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. நான்கு பேர் இடுப்பளவு நீரில் நின்று, வளைத்துப் போட்ட வலையை மெதுவாகக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குத் தப்பிய மீன்கள் துள்ளிய இடமெல்லாம் பறவைகள். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நீந்திவந்து, சொல்லிவைத்ததுபோல ஒரே சமயத்தில் அலகை நீரில் அமுக்கின. அவற்றுக்கு இடையில் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. ஆழத்திலிருந்து விரட்டப்பட்ட மீன்கள் ஓரத்துக்கு ஓடிவர, அங்கே நாரைகளும் கொக்குகளும் காத்திருந்தன. மேலேயிருந்து ஆலாக்கள் கல் விழுவதுபோலத் தொப்பென்று விழுந்து எழுந்தன. சேற்றோரத்தில் உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடின. இத்தனை வகைப் பறவைகள் ஒரே இடத்தில் இரை தின்கின்றன, சண்டை என்று ஒன்றும் காணோம். ஒன்று கிளப்பிவிட்டது இன்னொன்றின் வாய்க்குப் போனது.

டாக்டர், டயர் எல்லாம் மறந்துபோயிற்று. எண்ண ஆரம்பித்தேன். கூழைக்கடா இருபத்தொன்று. நாரை பதினாறு. நீர்க்காகத்தைத்தான் எண்ண முடியவில்லை. முங்கியது எங்கேயோ எழுந்தது, ஒன்றையே நாலு தடவை எண்ணியிருப்பேன். விரலை நீட்டி நான் முணுமுணுத்ததைப் பார்த்து வலை இழுத்தவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார்: "என்னா பெரியவரே, ஆள் கணக்கு எடுக்குறீங்களா? அதுங்களுக்கு ரேஷன் கார்டு குடுக்கப் போறாங்களா?"

மனைவியின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதே என்ற நினைப்பில், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்பவர்போல எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "ஓரத்துல நிக்கிறது பூரா வெள்ளைக் கொக்கு. அம்பத்தெட்டு."

"அம்பத்தொண்ணுதாங்க" என்றாள்.

நான் திரும்பினேன். அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தாள்.

"மீதி ஏழு கொக்கு இல்ல. மூக்கப் பாருங்க. நுனியில தட்டையா, நம்ம வூட்டு தோசக் கரண்டி மாதிரி. கொக்கு நின்னு குத்துது. இது நடந்துகிட்டே தலைய இப்டியும் அப்டியும் ஆட்டி அலசுது. பின்னாலயே ஒரு சின்னக் கொக்கு ஓடுது பாருங்க, இது கலைக்கிறதப் பொறுக்க."

என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தன. மச்சானைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பேனரோடு ஓடிவந்து, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, அக்கா சொல்றதுதான் கரெக்டு. ஏழு. ஏழுக்கும் கரண்டி மூக்கு."

வேப்பமர வேரில் உட்கார்ந்துவிட்டேன். "அப்போ தெனம் நான் வெரல் காட்டுனப்பவும் நல்லாத் தெரிஞ்சிதா?" என்றேன்.

"மொத வாரம் மசமசன்னுதான் இருந்துது. நேத்து ரெண்டுன்னா இன்னிக்கி மூணு காட்டுவீங்க. அஞ்சு ஆனா மறுபடி ஒண்ணு. அதுக்குக் கண்ணு எதுக்கு? தப்பாச் சொன்னா நீங்க சோறு தின்னாம கெடப்பீங்க."

மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த இரண்டு உள்ளான்கள் பறந்துவிட்டன. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவள் எங்களைக் கவனிக்கவில்லை. கையில் கறுப்புக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஆலா விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் நாங்கள் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. திட்டுவாங்கினோம். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை அவள் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அந்தச் செய்தி ஏரிக்கரையிலேயே கிடைத்துவிட்டது.

நான் விடை தெரிந்த கேள்விகளையே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பார்வை திரும்பியதை, எனக்குத் தெரியாத ஏழு பறவைகள்தான் சொல்லின. இன்றும் எதை எண்ணி முடித்தாலும் கடைசியில் அவளிடம்தான் சரிபார்த்துக்கொள்கிறேன். அவள் "இல்லைங்க" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்த ஏரிக்கரைச் சந்தோஷம் எனக்குத் திரும்பவும் கிடைக்கிறது.