ஏப்பக் குரல்

அறுபத்திரண்டாம் வருடம், தொண்டையில் புற்று என்று சென்னை ஆஸ்பத்திரியில் என் அப்பா சின்னக்கண்ணுவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். காற்றை விழுங்கி ஏப்பமாக வெளியே விட்டு, அந்த ஏப்பத்தையே பேச்சாக்க அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். கொல்லிமலைக்குத் திரும்பியதும் அவர் முதலில் என் பெயரைத்தான் அப்படிச் சொன்னார். நான் சிரித்துத் தொலைத்தேன். அதன்பின் வீட்டில் கையைத்தான் காட்டினார்.

அடுத்த தையில் தங்கை பெருமாயிக்கு நிச்சயம். எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர் சபை நடுவே நின்று "கொடுத்தேன்" என்று மூன்று முறை வாயால் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அப்பா ஏப்பம் விடுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. அவருக்குத் தெரியாமல் சித்தப்பாவிடம் போய், "நீங்களே சொல்லிப்போடுங்க" என்றேன்.

"அதுவுஞ் செரிதாங் கண்ணு" என்றார் சித்தப்பா.

நிச்சயத்தன்று அப்பா வெற்றிலைத் தட்டோடு எழுந்தார். மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த துளையைத் துண்டால் மறைத்துக்கொண்டு காற்றை விழுங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா கணீரென்று மூன்று முறை சொல்லி முடித்துவிட்டார். அப்பா உட்கார்ந்தார். விழுங்கிய காற்று வெறும் ஏப்பமாக வெளியே வந்தது. சபை சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்தி முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்து மாரியக்கா என்னிடம் வந்தார்.

"ஏங் கண்ணு, உங்கய்யன் ஏன் சொல்லாம உட்டாரு? நாலு மாசமா மொளகுத் தோட்டத்துல நின்னு அந்த ஒரு வார்த்தையத்தானே சொல்லிச் சொல்லிப் பழகுனாரு. நேத்து எங்க ஊட்டு வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சே."