காற்றுக்குழாய்க்குள் ஒரு சாரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், நான்கு நாட்கள் எங்கள் வீதிக்கு மேலே சூரியன் தோல் உரித்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் வந்து போனது. வடக்கே எங்கோ காடு எரிகிறது, காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எவ்வளவு தூரம் என்று கணவரைக் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், திரும்பி வந்து, இன்னொரு தரம் போகிற தூரம் இருக்கும் என்றார். அவ்வளவு தூரம் வந்த புகை, நாங்கள் நாடு விட்டு வந்து குடியிருந்த வோபர்னில், எங்கள் வீட்டு ஜன்னல் திரைகளில் மெதுவாகத் தங்கியது. மதியத்திலேயே வீட்டுக்குள் மாலை வெளிச்சம். இரண்டு மணிக்கு விளக்கைப் போடுவேன், பிறகு மணிக்கூட்டைப் பார்த்து அணைப்பேன். வீதியில் யாரும் உரக்கப் பேசாதது போல இருந்தது. அந்த நான்கு நாட்களும் நான் முழுதாக விழித்திருந்தேனா என்பது இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை.

மூத்தவளுக்கு அப்போது நாலு வயது. மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் மருந்து எழுதித் தந்துவிட்டு, வீடு எவ்வளவு பழையது, காற்றுக்குழாய்களை எப்போதாவது துப்புரவாக்கினீர்களா என்று கேட்டார். குழாயைத் துப்புரவாக்குவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இந்த ஊர் வீடுகளில் பேஸ்மென்ற்றில் இருக்கிற ஃபேர்னஸ்தான் வீடு முழுவதற்கும் மூச்சு விடுகிறது. வீட்டுக் காற்றை இழுத்து, சூடாக்கி, தகரக் குழாய்களால் அறை அறையாகத் திருப்பி அனுப்பும். கோடையில் சூடாக்காமல் சும்மா சுற்றவிடலாம். குழாய் வந்து முடிகிற வாயை வென்ற் என்போம். அதன் மேல் ஒரு இரும்புச் சல்லடை இருக்கும். எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்தவர் பேஸ்மென்ற்றில் சுவர் வைத்து அறை பிரித்திருந்தார் என்று சொன்னேன். அந்த வேலையின் வெள்ளைத் தூள் எல்லாம் குழாய்க்குள்தான் போயிருக்கும், அதன் மேல் இப்போது புகையும் படிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து தமிழ் விளம்பரப் பத்திரிகையைப் புரட்டி ஒரு இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள்.

அவர்கள் வருவதற்கு முன், எங்கள் ஹோலில் இருந்த வென்ற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்திய ஒக்ரோபரில் என் இரண்டாவது பிள்ளை எட்டாம் மாதத்தில் இறந்து பிறந்தது. ஆண்பிள்ளை. தாதி ஒருத்தி அவனைத் துணியில் சுற்றி என் கையில் தந்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். எனக்குக் கடும் காய்ச்சல். படிவங்களில் எல்லாம் கணவர்தான் கையெழுத்துப் போட்டார். எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது தொட்டில் வைத்திருந்த மூலையில் ஒரு சின்ன மேசை இருந்தது. அதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை. காலை பத்து மணிக்குப் போனால் நாங்கள் படுத்த பிறகுதான் வருவார்.

பனிக்காலம் வந்தது. மத்தியானம் மூத்தவள் நித்திரையானதும் நான் ஹோலில் வென்ற்றுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவேன். கீழே ஃபேர்னஸ் இயங்கத் தொடங்கும்போது தூரத்தில் பஸ் ஒன்று புறப்படுவது போல ஒரு சத்தம் கேட்கும். பிறகு சூடான காற்று வந்து பாவாடையின் கரையைத் தூக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், பனி கீழே வருகிறதா, வீடு மேலே போகிறதா என்று தெரியாது.

அப்படி ஒரு நாள் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வயிற்றில் இருக்கும்போதே நான் வைத்த பெயர். கணவருக்குக்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. கூப்பிட்டுவிட்டு, பனி வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது என்று சொன்னேன். அடுத்த நாள், அன்று என்ன சமைத்தேன் என்று சொன்னேன். அக்கா சப்பாத்தைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்று சொன்னேன். சில நாட்களில் அழுதேன். கூடுதலும் வெறும் கதைதான், பிள்ளையோடு வீட்டில் தனியாக இருக்கிற எந்தத் தாயும் கதைக்கிற கதை. முகத்தில் படுகிற அந்த வெதுவெதுப்பில் கதைப்பது சுகமாக இருந்தது. மூத்தவள் எழும்புகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். மார்ச் கடைசி வரை இது நடந்தது. ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

கீழே, அந்த ஹோலுக்கு நேர் கீழ் அறையில், ஒரு தம்பி வாடகைக்கு இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நாட்டிலிருந்து வந்து பார்க்டேலில் ஆறு பேரோடு ஒரே அப்பார்ட்மென்ற்றில் இருந்துவிட்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்புதான் எங்களிடம் வந்தவர். அகதி வழக்கு முடியவில்லை. டவுன்ரவுனில் ஒரு ரெஸ்ரோரன்ற் சமையலறையில் வேலை. பின்னேரம் நாலு மணிக்குப் போவார். வந்த புதிதில் அவருடைய ரேடியோ வென்ற் வழியாக மெல்லிதாக மேலே கேட்கும். டிசம்பரில் அது நின்றுபோனது. பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். கடிதம் எடுக்க மேலே வரும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருப்பார். கீழே குளிருதா, சூடு போதுமா என்று கேட்பேன். "இல்லை அக்கா, காணும்" என்பார். அந்தப் பதிலை நான் கவனித்துக் கேட்கிற நிலையில் அப்போது இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரிய வான் வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் போர்த்துக்கீசர், வான் பக்கமே நின்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். மற்றவர் எங்கள் ஆள். ஐம்பது வயது தாண்டிய ஒரு அண்ணை. சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டுதான் வாசலுக்குள் கால் வைத்தார். வானிலிருந்து, ஒரு சின்னப் பிள்ளை தவழ்ந்து போகக்கூடிய தடிப்பில் ஒரு குழாயை இழுத்து வந்து பேஸ்மென்ற்றுக்குள் இறக்கினார். ஃபேர்னஸை நிறுத்தி, பெரிய தகரக் குழாயில் ஒரு துளை வெட்டி அதைப் பொருத்தினார். பிறகு அறை அறையாகப் போய்ச் சல்லடைகளைக் கழற்றி, ஒவ்வொரு வென்ற்றின் வாயையும் ஒட்டி மூடினார். ஒன்றைத் திறப்பார், நுனியில் காற்றுப் பீறுகிற, கயிறு மாதிரி மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விடுவார், அது தகரத்தில் அடித்துக்கொண்டு ஓடும். இயந்திரம் இழுக்க, தூசி எல்லாம் கீழே போய் வானுக்குள் சேரும். வீட்டின் சுவர்களுக்குள் யாரோ ஓடித் திரிவது போல இருந்தது. மூத்தவள் என் மடியில் இருந்து சத்தம் போகிற பக்கமெல்லாம் விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் அறை வென்ற்றிலிருந்து இரண்டு கிரேயோனும் ஒரு கொண்டை ஊசியும் எடுத்துத் தந்தார். விரலால் உள்பக்கத்தைத் தடவிக் காட்டினார். அடியில் மா மாதிரி வெள்ளை, அதன் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய படை. அந்தக் கறுப்புத்தான் வடக்கே எரிந்த மரம் என்றார். நான் அந்த விரலை ஏனோ நெடுநேரம் பார்த்தேன்.

பிறகு கீழே போனவர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா கீழ வாரும்."

தம்பி அன்று ஆங்கில வகுப்புக்குப் போயிருந்தார். ஃபேர்னஸ் துப்புரவாக்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தேன். தன் அறைக் கதவின் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். இயந்திரத்தை மட்டும் துடைப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவருடைய அறையில் ஒரே ஒரு வென்ற்தான், கட்டிலுக்கு மேலே கூரையில். அண்ணை கதிரையில் ஏறி நின்று அதற்குள்ளிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு தலையணை உறை வந்தது. பிறகு ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று, நீலக் கட்டம் போட்டது, இறுக்கிச் சுருட்டியது.

"உது தானா வந்து விழேல்லை. ஆரோ நல்லா இறுக்கி அடைச்சிருக்கினம்" என்றார். "குளிர்காலம் முழுக்க இந்த அறைக்குச் சூடு வந்திராது, பிள்ளை."

மேலே எங்கள் ஹோல் வென்ற்றும் இதுவும் ஒரே கிளைக் குழாய் என்றும் சொன்னார். அதைக் காட்டுவதற்காக அவர் அந்தத் துளையில் வாயை வைத்து "ஹலோ" என்றார். ஹோலில் திறந்திருந்த வென்ற்றுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூத்தவள் மேலிருந்து "ஹலோ" என்றாள். பக்கத்தில் நின்று சொன்னது போலக் கேட்டது.

நான் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர்கள் வெட்டிய துளைக்குத் தகரம் வைத்து மூடி, புது ஃபில்ரர் போட்டு, சல்லடைகளைக் கழுவித் துடைத்துப் பூட்டிவிட்டுப் போகும்வரை நான் அந்தச் சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்தச் சாரத்தைக் கழுவி வெளியே கொடியில் போட்டேன். புகை குறைந்திருந்தது, என்றாலும் வானம் இன்னும் பழைய வெள்ளைச் சட்டை மாதிரி இருந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கதைத்த அவ்வளவையும் தம்பி கேட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்று கடிதம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு வெட்கம். சாரம் காயும்வரை பின்வாசல் படியில் இருந்து யோசித்தேன். டிசம்பரில் ரேடியோ ஏன் கேட்காமல் போனது என்று இப்போது விளங்கியது. அவர் அதன் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் கீழே கேட்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும். வேறு வீடு பார்த்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை.

அவர் இரண்டு மணிபோல வந்தார். மடித்த சாரத்தை என் கையில் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"எவ்வளவு கேட்டனீர்?" என்றேன்.

"ரண்டு நாள்தான் அக்கா. முதல் நாள் நீங்கள் போனிலை கதைக்கிறியள் எண்டு நினைச்சன். அடுத்த நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்கள்." தோளில் கிடந்த புத்தகப் பையை இறக்கி நிலத்தில் வைத்தார். "அது மற்ற ஆக்கள் கேக்கிற கதை இல்லை எண்டு விளங்கிச்சு. அதுதான் அடைச்சனான்."

"குளிரேல்லையே உமக்கு?"

"கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தனான்."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் கதைக்கிறதை விட்டிடுவியள், அக்கா."

அவருக்கு அப்படி நிற்கச் சங்கடமாக இருந்திருக்கும். உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி போட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லாமல், இருந்து குடித்தார். மூத்தவள் தன் கிரேயோன் இரண்டும் குழாய்க்குள் போய்த் திரும்பி வந்த கதையை அவருக்கு விபரமாகச் சொன்னாள். போகும்போது தலையணை உறையை மறந்துவிட்டார். மூத்தவள்தான் ஓடிப்போய்க் கொடுத்தாள். அவர் அதற்குப் பிறகும் இரண்டு குளிர்காலம் எங்களோடு இருந்தார். வழக்கு வென்று, மொன்றியலில் இருந்த தமையனிடம் போனார். அந்தக் கதையை நாங்கள் திரும்ப எடுக்கவே இல்லை.

சாரம் கிடைத்ததற்கு அடுத்த நாள் காலை கணவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சாரத்தில் தொடங்கி, பின்னுக்குப் போய், ஒக்ரோபர் வரை போனேன். அவர் சேர்ட்டின் கைப் பொத்தானைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன பேர் வைச்சனீர்?"

சொன்னேன். அவர் அதை ஒரு தரம், சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார். அந்தப் பெயரை இன்னொரு குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"செவ்வாய் எனக்கு லீவு. பிள்ளையையும் வெளிக்கிடுத்தும். ஒரு இடத்துக்குப் போவம்" என்றார்.

அது நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மயானம். பெரிய மரங்களைத் தாண்டி, வேலியோரமாக ஒரு மூலையில், சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நிலம். கற்கள் புல்லோடு புல்லாகத் தட்டையாக இருந்தன. எங்களுடையதில் கல்லும் இல்லை. உள்ளங்கையளவு உலோகத் தட்டில் ஒரு இலக்கம் மட்டும். கணவர் எங்கும் தேடாமல், யாரையும் கேட்காமல், நேரே அந்த இடத்துக்குப் போய் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"அடிக்கடி வாறனீங்களோ?"

"வேலைக்குப் போகேக்கை இடைக்கிடை. பனிக்குள்ளை தட்டுத் தெரியாது. மரத்திலையிருந்து அடி எண்ணி வைச்சுத்தான் கண்டுபிடிப்பன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

மூத்தவள் இது யாருடைய இடம் என்று கேட்டாள். உன்னுடைய தம்பியுடையது என்றேன். அவன் சின்னவனா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் தட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, புல்லை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். நானும் புல்லில் உட்கார்ந்தேன். ஈரம் பாவாடையில் ஏறியது. மேலே காற்று மரங்களைத் தடவிக்கொண்டு போக, அந்த இலைகளின் சத்தத்தில் எனக்கு நித்திரை வருவது போல இருந்தது, வெகு காலத்துக்குப் பிறகு வருகிற நல்ல நித்திரை.

புல் வெட்டுகிறவர் ஒருவர் இயந்திரத்தில் இருந்தபடி வரிசை வரிசையாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். நாங்கள் எழும்பப் போனோம். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டி இயந்திரத்தை நிறுத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஆறுதலாக, அவசரமில்லாமல் சாப்பிடத் தொடங்கினார்.