நனையாத திறப்பு

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் நானாட்டானில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தேன். வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலை இணையம் வழியாகக் கொழும்புக்கு அனுப்புவது எங்கள் வேலை. அதற்கு ஏபிஐ கீ என்றொரு நீண்ட எழுத்துக்கோவை வேண்டும். சாவியைத் திறப்பு என்பது எங்கள் வழக்கம்; இதையும் திறப்பு என்போம். அது கையில் இருந்தால் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், வெட்டலாம். எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், ஐந்து பேர். ஆளுக்கொரு திறப்பு உண்டாக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். எந்தத் திறப்பால் எது நடந்தது என்று மென்பொருளே குறித்துவைக்கும்.

"ஐஞ்சு பேருக்கு ஐஞ்சு திறப்போ? ஒண்டு காணும் பிள்ளை, எல்லாரும் அதையே பாவிக்கலாம்" என்றார் எங்கள் பொறுப்பாளர். பெரிய மேதை.

இடம்பெயர்வில் காகிதம் தொலைத்த சனம் நாங்கள். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, நிவாரண அட்டை, எதையும் லேமினேட் செய்யாமல் விடமாட்டோம். இவர் திறப்பையும் அச்செடுத்து, லேமினேட் செய்து, கந்தோர்ச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டார். "இனித் துலையாது" என்று பெருமை வேறு. இரகசியத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நானும் பேசாமல்தான் இருந்தேன்.

பெரியமடுவிலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள், தறப்பாள் விரிப்பால் கூரை போட்ட கொட்டில். அவருடைய பெயரை நானே ஏற்றியிருந்தேன். இறுதிப் பட்டியலில் அதைக் காணவில்லை. அந்த இடத்தில், ஏற்கெனவே கல்வீட்டில் இருக்கும் ஒருவருடைய பெயர் இருந்தது.

"ஆர் தங்கச்சி என்ரை பேரை வெட்டினது?"

பதிவைத் திறந்தேன். கந்தோர்த் திறப்பு வெட்டியிருந்தது. அதாவது ஐந்து பேரில் ஒருவர், அல்லது தேத்தண்ணி குடிக்க வந்து அந்தச் சுவரைப் பார்த்த எவரும்.

"கொம்பியூட்டர் பிழை அக்கா, அடுத்தமுறை பாப்பம்" என்றார் பொறுப்பாளர், கொஞ்சமும் கூசாமல்.

"கொம்பியூட்டருக்கு என்னோடை என்ன கோவம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பட்டியல் மூடிவிட்டது என்று அவர்களும் கையை விரித்தது.

அன்றே பழைய திறப்பை இரத்துச் செய்து, ஐந்து புதியவை உண்டாக்கி, ஆளுக்கொன்றாக இரகசியமாகக் கொடுத்தேன். மறுநாள் மாதா படத்துக்குக் கீழே ஐந்தும் வரிசையாகத் தொங்கின. பொறுப்பாளர் எல்லோரிடமும் கேட்டு வாங்கி லேமினேட் செய்திருந்தார். கேட்டதும் என்னுடையதையும் நீட்டியவள் நான்தான்.

அந்த மாரிமழைக் காலம் முழுக்க அந்தப் பெரியமடுப் பெண்ணும் மூன்று பிள்ளைகளும் ஒழுகும் தறப்பாளுக்குள் இருந்தார்கள். எங்கள் திறப்புகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.