சுவருக்கு அந்தப் பக்கம்

என் வீட்டு நடுச்சுவரில், சாமி படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை மாட்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் என் மகன் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனது. அதன் மேல் உள்ள எழுத்தெல்லாம் எனக்குப் படிக்க வராது. அது கூவினால் வீட்டுக்குள் விஷக்காற்று இருக்கிறது என்று அர்த்தம். அது மட்டும் தெரியும். அதைத் துடைக்கும்போதெல்லாம் தெருமுனையில் கேஸ் அடுப்பு ரிப்பேர்க் கடை வைத்திருந்த கேஸ்காரர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

அது அடைமழைக் காலம். எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டு மருமகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். புருஷன் துபாயில். பச்சை உடம்பில் குளிர்காற்று படுகிறது, குளியலறை ஜன்னலை அடைத்துத் தாருங்கள் என்று அவள் மாமியார் என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் பீங்கான் தொழிற்பேட்டையில் காலமெல்லாம் சூளை எரித்த மேஸ்திரி. சூளை வாசலை மூடியதும் சந்து விடாமல் களிமண் அப்புவார்கள். சூடு இம்மியும் வெளியே போகக்கூடாது. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் அங்கே அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்குப் பிசிறு சீவியவள்தான், என் கை பட்ட பொம்மையில் அச்சு பொருந்திய வரி ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவர் கைக்கு ஈடில்லை என்று ஒத்துக்கொள்வேன். அந்த ஜன்னலையும் அப்படித்தான் அடைத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு காலையில் எங்கள் வில்லை வீல் வீலென்று கூவியது. எங்கள் வீட்டில் அப்போது அடுப்பே எரியவில்லை.

"பேட்டரி போயிருக்கும், கழட்டிப் போடு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"அத கழட்டாதீங்கம்மா. கதவத் தெறந்து வுட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க. இதோ வரேன்."

மழையில் நனைந்துகொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் விடுவாரா! "சூளையிலயே கெடந்த மூக்குய்யா இது. எனக்குத் தெரியாத வாசனையா?"

"இதுக்கு வாசனையே கெடையாதுங்க மேஸ்திரி. மூக்க நம்புனவன் எவனும் எழுந்து வந்து சொல்லல" என்றார் கேஸ்காரர்.

கையில் விஷக்காற்றை அளக்கும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். வாசலிலேயே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், ஆறிக் கிடந்தது. வேறொருவராக இருந்தால் வில்லையைக் குறை சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் பெட்டியை நீட்டிக்கொண்டே நடுச்சுவர் பக்கம் போனார். அண்ணாந்து, சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்தைப் பார்த்தார்.

"இங்க எதுவும் எரியல. ஆனா இங்க இருக்குது. அந்தப் பக்கம் என்னாம்மா எரியுது?"

"மருமவ குளிக்கிறா. கேஸ்ல வெந்நீர் போடற கெய்சர்..."

நான் சொல்லி முடிக்கவில்லை. அவர் ஓடினார். மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கேஸ்காரர் முதலில் வெளியே இருந்த சிலிண்டரை மூடினார். யாரும் உள்ளே நுழையாதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டு, வெளியிலிருந்தே ஜன்னல் அடைப்பை ஸ்பேனரால் இடித்துத் திறந்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவை உதைத்துத் திறந்தார். அந்தப் பெண் சுவரோரம் சரிந்து கிடந்தாள். தூக்கிவந்து வெளிக்காற்றில் கிடத்தியபோது கண் திறக்கவில்லை. நான் என் புடவைத் தலைப்பால் அவளைப் போர்த்தினேன். மூச்சு மட்டும் இழையோடியது.

"ரெண்டு நாளா தலவலின்னுதான் சொன்னா. பச்ச ஒடம்புன்னு நெனச்சிட்டேனே" என்று மாமியார் அடித்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏற்றும்போது கேஸ்காரர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மயக்கம்னு மட்டும் சொல்லாதீங்க. கேஸ் எரிஞ்ச விஷக்காத்துன்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க." சொன்னேன். உடனே மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். சாயங்காலம் அவள் கேட்ட முதல் வார்த்தை, "புள்ள பால் குடிச்சானா?"

நாங்கள் திரும்பி வந்தபோது கேஸ்காரர் கெய்சரின் குழாயைக் கழற்றி வைத்திருந்தார். பச்சை உடம்புக்கு வெந்நீர் வேண்டும், திரும்ப மாட்டிக் கொடுங்கள் என்று மாமியார் கெஞ்சினாள், பிறகு திட்டியும் பார்த்தாள். "அடுப்புல காயவச்சி ஊத்துங்க. இத இந்த ரூம்ல நான் மாட்டமாட்டேன்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

என் வீட்டுக்காரர் உடைந்த களிமண் கட்டி ஒன்றைக் கையில் வைத்தபடி நின்றார். அதில் அவருடைய கட்டைவிரல் தடம் அப்படியே இருந்தது. கேஸ்காரர் அதைப் பார்த்தார்.

"அடைப்பு சுத்தமாத்தான் இருக்குது மேஸ்திரி. சூளைக்கு."

அவ்வளவுதான் சொன்னார். வேறு யாரிடமும் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் உளியோடு போய் அந்த ஜன்னலை முன்பைவிடப் பெரிதாக வெட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் மூக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இன்று என் வீட்டுக்காரர், கேஸ்காரர் இருவருமே உயிரோடு இல்லை. தெருமுனைக் கடையில் செல்போன் விற்கிறார்கள். வில்லை மட்டும் அதே ஆணியில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று மாதம் ஒருதரம் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார் கேஸ்காரர். அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறேன். அது கூவும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த மருமகளின் குரல் வரும்.

"பெரிம்மா, டெஸ்ட்டா? நெசமா?"

"டெஸ்ட்டுதாண்டி!"

அந்தக் குரல் வருகிறவரைக்கும் பொத்தானிலிருந்து நான் விரலை எடுப்பதில்லை.