நீச்சல் குளத்தில் சோளத்தட்டு

நானும் என் கணவரும் பிரிந்தபோது கோயம்புத்தூர் ஃப்ளாட் அவருக்கு, தோப்பு வீடு எனக்கு என்று முடிவானது. தோப்பு வீடு உடுமலைப்பேட்டையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். உடுமலையில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்துகிறேன் என்பதால் எனக்கும் அதுதான் வசதி. வீட்டோடு சேர்த்து அதன் பின்பக்கம் இருந்த நீச்சல் குளமும் என்னுடையதாயிற்று. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், ஒரு முனையில் மூன்றரை அடி ஆழம், மறுமுனையில் ஆறரை. உள்ளே நீல டைல்ஸ். அவருடைய வார்ப்படப் பட்டறைக்கு நல்ல ஆர்டர்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் கட்டியது. இரண்டு கோடை நீந்தினார். எனக்கு நீச்சல் தெரியாது.

பிரிந்த நான்காம் மாதம் அவருடைய அம்மா இரண்டு பைகளோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டப்படி அந்த உறவு முடிந்துவிட்டது. ஆனாலும் அத்தை என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வாயில் வரவில்லை.

"ஒம்பதாவது மாடி எனக்கு ஒத்து வரல கண்ணு," என்றார். "லிப்டு நின்னு போச்சுன்னா அங்கயே கெடக்கோணும். நான் இங்கயே இருந்துக்கறேன். ஒனக்கு ஆகாதுன்னா சொல்லிப்போடு, என்ற தம்பி ஊட்டுக்குப் போயிக்கறேன்."

"இருங்க அத்தை" என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

குளத்தின் மோட்டார் எரிந்துபோய்க் கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாகி, தவளைகள் வந்தன. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் ஒரு பெண். அவர் கரண்டியில் தண்ணீரை மொண்டு, நெளியும் புழுக்களை எனக்குக் காட்டினார். "ஒண்ணு மூடிப்போடுங்க மேடம். இல்லீன்னா காலி பண்ணிருங்க. மறுக்காவும் வருவேனுங்க."

கோவையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் படங்களைக் காட்டிக்கொண்டே போனார். மேலே மரப்பலகைத் தளம் போட்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். இரும்புச் சட்டம் அடித்துத் தகடு போர்த்தலாம். தாமரை விடலாம். மண் கொட்டி ஒரேயடியாக மூடிவிடலாம், ஆனால் அடித்தளத்தில் ஓட்டை போட்ட பிறகுதான் கொட்ட வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் உள்ளே சேறாகவே நிற்கும் என்றார். கல்லூரியில் விலங்கியல் துறை நண்பர் விரால் மீன் விடச் சொன்னார். அதை வீட்டில் சொன்னபோது, "மீனு உட்டா கொக்குக்குத்தான் ஆகும்" என்று அத்தை முடித்துவிட்டார்.

எதையும் தீர்மானிக்கும் மனநிலையில் நான் அப்போது இல்லை. பாதித் தண்ணீரைத் தென்னைக்கு இறைத்துவிட்டு, நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை நிழல்வலையை வாங்கிக் குளத்தின் மேல் இழுத்துக் கட்டச் சொன்னேன். சுற்றிலும் முளையடித்து, ஓரங்களில் செங்கல் வைத்தாயிற்று. குளம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆறேழு மாதத்தில் வலைமேல் ஓலைத் தும்பும் மண்ணும் படிந்து, ஓரங்களில் புல்லும் முளைத்துவிட்டது. மயில்கள் அதன்மேல் நடந்து போகும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அத்தை பின்பக்கமிருந்து என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். வலை நடுவில் கிழிந்து தொங்கியது. ஆழமான பக்கத்தில், கழுத்தளவு தண்ணீரில் ஒரு சீமை மாடு நின்றுகொண்டிருந்தது. வலை கொம்பில் சுற்றியிருந்தது. அடுத்த தோட்டத்துக்காரரின் மாடு. கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, புல் தெரிகிறதே என்று வலைமேல் காலை வைத்திருக்கிறது.

தோட்டத்துக்காரருக்குப் போன் செய்தேன். ஐம்பது வயதுக்காரர், பத்துப் பன்னிரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுபவர். மனைவியையும் இன்னும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் அரிவாளோடு தண்ணீரில் இறங்கி வலையை அறுத்தெடுத்து, மாட்டை மெல்ல ஆழம் குறைந்த பக்கத்துக்கு நடத்தி வந்தார். அங்கே மூன்றரை அடிச் சுவர். மூலையில் இருந்த இறங்கு படிகளோ ஆள் இறங்கும் அகலம்தான். மாட்டால் ஏற முடியாது. நாங்கள் சாக்குகளில் மண்ணும் தேங்காய் மட்டையும் நிரப்பிப் படி மாதிரி அடுக்கினோம். இரண்டு முறை ஏறிச் சறுக்கியது. அத்தை கரையில் உட்கார்ந்து, "இரு சாமி, இரு, ஆச்சு" என்று அதனிடம் பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை மேலே வந்தது. வெளியே வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

"வலையை நாந்தானுங்க போடச் சொன்னேன். என் தப்புங்க" என்றேன்.

"கவுத்த அறுத்துட்டு வந்தது என்ற மாடுதானுங்களே மேடம். உடுங்க" என்றார். ஆனால் மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"செனை மாடு தம்பி. டாக்டரைக் கூப்புட்டுக் காட்டிப்போடு" என்றார் அத்தை.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுக் கன்றுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதாக மாலையில் போன் வந்தது. அதுவரை நான் சாப்பிடவில்லை என்பதை அத்தைதான் கவனித்துச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மாட்டுக்காரரே வந்தார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்று ஆரம்பித்தார்.

அவர் குளத்தைக் கேட்டது சைலேஜ் குழிக்கு. பச்சை மக்காச்சோளத்தட்டை, அதாவது கதிரோடு முழுச் செடியையும், துண்டு துண்டாக வெட்டிக் குழியில் கொட்டி, காற்றில்லாமல் மிதித்து மூடிவைத்தால் ஒன்றரை மாதத்தில் புளித்து, கோடை முழுக்க மாட்டுக்கு ஆகும். ஊறுகாய் போடுவது போலத்தான்.

"நாங்க குழி வெட்டி சிமெண்டு பூசோணும். உங்களுக்கு ரெடியா இருக்குதுங்க. அடியில ஒரு ஓட்டை போட்டாப் போதும். தட்டுல இருந்து தண்ணி வடியறதுக்கு அது வேணுமுங்க. ஆனா டிராக்டரு எறங்கி மிதிக்கோணும். அதுக்கு இந்த ஆழங்கொறஞ்ச பக்கத்துச் செவுர உடைச்சுச் சரிவு போடோணுமுங்க. உடைச்சா மறுக்கா நீச்சல் குளமா ஆவாது. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் அத்தையைப் பார்த்தேன்.

"என்னைய எதுக்குப் பாக்கற? அவன் கட்டுனான், போயிட்டான். நானு ஒரு நாளும் அதுல காலு நனைக்கல."

ஆனால் அன்று மாலையே அத்தை மகனுக்குப் போனில் சொல்லியிருக்கிறார். மறுநாள் நான் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது என் முன்னாள் கணவர் போனில் கூப்பிட்டார். பிரிந்த பிறகு நாங்கள் பேசியது குறைவு.

"குளத்த உடைச்சா வீட்டுக்கு மதிப்பே போயிரும்."

"விக்கற எண்ணம் இல்லீங்க."

"சரி, உன்னுதுதான" என்று வைத்துவிட்டார்.

மிச்சத் தண்ணீரையும் தென்னைக்கு இறைத்தாயிற்று. சுவர் உடைக்கும் அன்று கல்லூரிக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் லீவு போட்டுவிட்டு நின்று பார்த்தேன். அரை நாள் வேலை என்று வந்த பிரேக்கர்காரருக்கு இரண்டு நாள் ஆயிற்று. டைல்ஸுக்குப் பின்னால் முக்கால் அடி கான்கிரீட், அதற்குள் நெருக்க நெருக்கமாகக் கம்பி. "யாருங்க கட்டுனது? டேமுக்குப் போடற மாதரி கம்பி போட்டிருக்குது" என்று அலுத்துக்கொண்டார். என் முன்னாள் கணவர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல என்பதை நான் மறந்திருந்தேன். அது நினைவுக்கு வந்ததில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அப்படி ஒருவரோடு பதினாறு வருஷம் இருந்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது.

தட்டு அறுக்கும் பருவத்தைத் தோட்டத்துக்காரர் எனக்குக் காட்டினார். கதிரில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் பால் பீய்ச்சக் கூடாது, மாவாகவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில். மூன்று நாள் தோட்டத்தில் வெட்டும் இயந்திரம் ஓடியது. டிரெய்லர் டிரெய்லராகக் கொண்டுவந்து ஆழமான பக்கத்திலிருந்து கொட்டினார்கள். டிராக்டர் நீல டைல்ஸுக்கு நடுவே முன்னும் பின்னும் போய் மிதித்தது. அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூலையில மிதிக்கல பாரு தம்பி" என்று மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூலையில் இறங்கு படிகள் இருந்தன. அங்கே டயர் எட்டாது. ஆட்கள் காலால்தான் மிதித்தார்கள். மேலே கனமான பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, பழைய டயர்களையும் மண் மூட்டைகளையும் அடுக்கினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தபோது அந்த மூலை மட்டும் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. காற்று இருந்த இடம். தோட்டத்துக்காரர் அதைத் தனியாக அள்ளி எடுத்து உரக்குழியில் கொட்டினார். மற்றதெல்லாம் பழுப்பும் பச்சையுமாக, மோர் மாதிரி ஒரு வாசனையோடு இருந்தது. மாடுகள் முதல் நாள் முகர்ந்துவிட்டு விலகின. இரண்டாம் நாள் தொட்டியை நக்கிவிட்டன. "படிக்கட்ட அடுத்த வருஷம் ஒடைச்சுப்போடறேனுங்க" என்றார். உடைத்தும் விட்டார்.

இந்தக் கோடையில் என் முன்னாள் கணவர் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். பின்பக்கம் போய்ச் சரிவின் தலைப்பில் நின்றார். பாதி காலியான குழியில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மனைவி கூடையில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தார். நிற்பது யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே, "கொஞ்சம் தூக்கி உடுங்க" என்றார். இவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கிவிட்டார்.

திரும்பி வந்து கை கழுவும்போது, "டைல்ஸ் ஒண்ணுகூட உரியல போல இருக்குது" என்றார் என்னிடம்.

"இல்லீங்க. நல்லாத்தான் நிக்குது."

அம்மாவை ஃப்ளாட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டார். அத்தை, ஆடி கழியட்டும் பார்க்கலாம் என்றார். காபி குடித்துவிட்டு வெயில் இறங்கும் முன்பே கிளம்பினார். கார் தோப்பைத் தாண்டும் வரை அத்தை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட வேண்டும் என்றார்.