குன்னம் ஃபைலில் நின்றுபோன பொட்டி

புரோகிராம் தப்பான விடை கொடுத்தால் திட்டித் தீர்க்கலாம். விடையே கொடுக்காமல் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அந்தப் பாடு பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

காலை பத்து மணி

எண்பதுகளின் கடைசி. அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சர்வே ஆபீஸ். நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்து ஃபைலாக அடித்துத் தருவார்கள். அந்தச் சுரங்க அளவை சர்க்கார் வரைபட அளவாக மாற்றுவது என் புரோகிராம். அரியலூர் ஃபைல் என்றால் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். பெரம்பலூர் ஆபீஸில் அடித்த குன்னம் ஃபைலில் மட்டும் அசையாமல் நின்றது.

குன்னத்து வெங்காயக்காரி செல்லம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே முதல் வெடி. பழைய மேப்பின்படி அவர் கிணறு சுரங்கத்துக்குள். இல்லை, வெளியே என்று சொல்ல என் கம்ப்யூட்டர் பொட்டியை விட்டால் ஆளில்லை.

"ஏங்க சார், இது எப்ப வாயத் தொறக்கும்?"

வெயில் மேல் பழி

சூடுதான் காரணம் என்றார் மேனேஜர். அரியலூர் வெயிலில் பேசுகிற பேச்சே பாதியில் காய்ந்து கீழே விழும். சத்தியமாக நானே பொறுக்கியிருக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் ஈரச் சாக்கு கட்டினோம். மூன்று முறை அணைத்துப் போட்டோம். மணி இரண்டு. மேனேஜர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"மூணே முக்கா வரைக்கும் பாப்பேன். அப்புறம் பழைய மேப்தான்யா."

நடந்தும் நகராதது

அடிக்கு அடி எங்கே நிற்கிறாய் என்று அச்சடிக்கச் சொன்னேன். பேப்பர் ஓடியது, ஓடியது, வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை ஓடியது. (குறைத்துத்தான் சொல்கிறேன்.) எல்லா வரியிலும் ஒரே எண்.

ஃபைலைத் திறந்தேன். முதல் வரியில் கட்டத்துக்குக் கட்டம் எத்தனை அடி என்று இருக்க வேண்டும். அங்கே ஒற்றை U. எழுத்தைக் கண்டால் சைபர் என்று எடுத்துக்கொள்ளும் என் புரோகிராம். காலையிலிருந்து சைபர் அடி, சைபர் அடியாக நின்ற இடத்திலேயே நடந்திருக்கிறது.

ஃபைலை பஸ்ஸில் கொண்டுவந்த டைப்பிஸ்ட் கோவிந்தராசு பக்கத்திலேயே நின்றார்.

"புள்ளையார் சுழி சார். இந்த மிஷின்ல தமிழ் இல்ல, அதான் இங்கிலீசுல போட்டேன். போடாம எப்படி சார் ஆரம்பிக்கிறது?"

மூன்று நாற்பது

அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினேன். எண்கள் வந்தன. வரைபடத்தில் புள்ளி வைத்தேன்: எல்லைக்கு ஒன்பது அடி வெளியே கிணறு. மேனேஜர் போனை எடுத்து வெடியை நிறுத்தச் சொன்னார். நான் வெற்றி வீரனாகத் திரும்பினேன். செல்லம்மாள் பையை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"கெணறு எங்க தாத்தன் வெட்டுன எடத்துலயேதான் சார் கெடக்கு. உங்க பொட்டிதான் வந்து சேர லேட்டு."

அன்றிலிருந்து என் புரோகிராம் எதுவாக இருந்தாலும், முதல் வரியில் U இருந்தால் அதைக் கும்பிட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்துதான் படிக்கும்.