சாமியார் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிளை நான் ஓட்டிக்கொண்டு வரவில்லை. எங்கள் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதைப் படுக்க வைத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தேன். அப்படியிருந்தும் கோயில் தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டாள், யாருக்காவது இழுத்துக்கொண்டிருக்கிறதோ என்று.

காரணம் இருந்தது. அது வெள்ளைக்காரச் சாமியாரின் வண்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் வில்வண்டியில்தான் வருவார். மோட்டார் சைக்கிளில் வந்தால் யாரோ சாகக் கிடக்கிறார்கள், கடைசி எண்ணெய் பூச வருகிறார் என்று அர்த்தம். சைலன்சரின் வால் எந்தக் காலத்திலோ உதிர்ந்துவிட்டதால், ஓடையைத் தாண்டும்போதே படபடவென்று ஊருக்குள் கேட்கும். கேட்டவர்கள் 'என்ன?' என்று கேட்க மாட்டார்கள். 'யாருக்கு?' என்றுதான் கேட்பார்கள்.

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, சாமியாருக்கும் மாற்றல் வந்தது. புதுச் சாமியார் மிதிவண்டிக்காரர். மோட்டார் சைக்கிள் ஓடைக்கு அந்தப் பக்கம் சாமியார் தங்கும் பெரிய கோயிலின் கொட்டகையில் கோழிகள் அடைகாக்கும் இடமாகிவிட்டது. அந்தக் கொட்டகைக்கு நான் கூரை மாற்றிக் கொடுத்தபோது, கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "கூலிக்குப் பதிலா இந்தச் சனியனத் தூக்கிட்டுப் போயிரு" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் கொடுத்ததிலேயே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீடு கோயில் தெருவின் கடைசி. நாங்கள் திருநீறு பூசுகிறவர்கள். அடுத்த வீட்டில் செபமாலை. நடுவில் இருப்பது ஒரே சுவர். அந்த வீட்டுக்காரரை நான் சின்னையா என்றும் அவர் மனைவியைச் சின்னாத்தா என்றும்தான் கூப்பிடுவேன். சின்னையாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. போன வருஷம் விஷக் காய்ச்சலில் விழுந்து, சாமியார் இதே வண்டியில் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். எல்லோரும் முடிந்தது என்று நினைத்தபோது மனிதர் கண்ணைத் திறந்துவிட்டார். ஆனால் கால் ஊன்றவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

"எலே, அது எங்க வருது?" என்றார் என் வண்டியைப் பார்த்து.

"நம்ம வீட்டுக்குத்தான் சின்னையா."

"ஓடுமா?"

"ஓட வைக்கத்தான போறேன்."

"போன தடவ எண்ணெயத் தடவிட்டு வெறுங்கையோட போயிருச்சு. மறுக்கா அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா என்னைய ஏத்திக்கிட்டுத்தான் போகும்."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பின்னால சீட்டு இருக்கு சின்னையா, சௌகரியமா உக்காந்துக்கலாம்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சின்னாத்தாவும் சிரிக்கவில்லை.

எட்டாம் வகுப்பு வரை போனதால் எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. இன்ஜின் மேல் இருந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்துவிட்டு, விஷயம் தெரிந்தவன் மாதிரி ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மாட்டுக் கொட்டத்தில் சாக்கு விரித்து அடுக்கினேன். பெட்ரோல் டேங்க்கில் எலிக்குஞ்சுகள் இருந்தன. பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. விளக்கெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். டயருக்குள் காற்று நிற்காததால் வைக்கோலைத் திணித்தேன். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என் மச்சான், அக்கா புருஷன். கடமலைக்குண்டிலிருந்து காளைக்கன்று வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கன்றைப் பார்க்கவும் இல்லை, ஊருக்குத் திரும்பவும் இல்லை.

"மாப்ள, இதுக்கு மூக்கணாங்கயிறு எங்கன கட்டுறது?" என்பார். கொஞ்சம் கழித்து டேங்க்கைத் தட்டிப் பார்த்து, "ஓடலேன்னா இத என்கிட்ட குடு. கடலெண்ணெய் ஊத்தி வைக்க நல்லாருக்கும்" என்பார்.

அப்போதே அவர் மேல் எனக்கு ஒரு கண்.

இன்னொரு ஆளும் தினமும் வந்தது. சின்னாத்தா. துடைக்கப் பழைய துணி கொண்டுவருவார், சுக்குக் காப்பி கொண்டுவருவார், குத்தவைத்து உட்கார்ந்து கேட்பார்:

"ஏம்ப்பா, இத்தன சாமானு கெடக்கே, இதுல எது இல்லேன்னா வண்டி ஓடாது?"

நம்மைப் பெரிய மெக்கானிக்காக மதித்து ஒருத்தர் கேட்டால் விடுவோமா? "பிளக்கு சின்னாத்தா. இந்தா, இதான் நெருப்பு மூட்டுறது. இது இல்லேன்னா வெறும் இரும்புதான்" என்று கையில் கொடுத்தே காட்டினேன்.

மறுநாள் பிளக்கைக் காணோம்.

சாக்கை உதறினேன், மாட்டுத் தொட்டிக்குள் கைவிட்டேன், சாணத்தைக்கூடக் கிளறிவிட்டேன். மச்சான் வெற்றிலை மென்றுகொண்டே, "மாடு முழுங்கியிருக்கும், நாளைக்கிக் காலையில பாரு" என்றார். இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவன்தான் திருடன் என்று எனக்குத் தோன்றியது. தேவாரம் ஊர்க்காரரான லாரி டிரைவர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய பிளக் வாங்கிவந்தேன். அதை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டேன். சாப்பிடும்போதும் அவிழ்க்கவில்லை.

"அது கெடச்சிருச்சாக்கும்" என்றார் சின்னாத்தா. முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "அப்ப இனிமே எல்லாம் சரியா? வேற முக்கியமான சாமானு ஒண்ணும் இல்லையா?"

"ஏன் இல்ல? இந்த மாக்னெட்டுக்குள்ள ஒரு சின்னப் பாயிண்ட் இருக்கு பாருங்க. பிளக்குக்கே இதுதான் எசமான்."

மறுநாள் பாயிண்டைக் காணோம்.

இதற்குப் பிறகும் எனக்கு மச்சான் மேல்தான் சந்தேகம். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வேலை செய்தேன். கார்ப்பரேட்டர்தான் இன்ஜினுக்கே நெஞ்சு என்று மச்சான் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன். சின்னாத்தாவும் அங்கேதான் காப்பிச் செம்போடு உட்கார்ந்திருந்தார். பிறகு யாரும் பார்க்காதபோது அதன் அடிப்பக்கம் முழுக்க வண்டி மை தடவி வைத்தேன். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மை. ஒட்டினால் தண்ணீருக்குப் போகாது. பொழுது சாயும் நேரத்துக்குக் கொட்டத்தைச் சும்மா திறந்துபோட்டுவிட்டு நான் ஊர் மந்தைப் பக்கம் போய்விட்டேன்.

காலையில் கார்ப்பரேட்டர் இல்லை. நேராக மச்சானிடம் போய்க் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு.

"மாட்டிக்கிட்டீகளா மச்சான்."

"என்னத்த மாட்டிக்கிட்டேன்?"

"கையில என்ன?"

"வண்டி மை. ஊருக்குப் போகணும்னு அச்சுக்குப் போட்டேன். நீ போட்டா சந்தனமா ஒட்டும்?"

சண்டைச் சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் கூடிவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொருத்தனாகக் கையை விரித்துக் காட்டினான். அன்றைக்குச் சந்தை நாள். வண்டி வைத்திருக்கிற ஒருத்தன் கையும் வெள்ளையாக இல்லை. "என்னையும் பிடிச்சுக் கட்டுப்பா, நானும் களவாணிதான்" என்று ஒருவர் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். வண்டிக்காரர்கள் ஊரில் வண்டி மையால் திருடனைப் பிடிக்கப் பார்த்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மானம் போய் வெளியே வந்தபோதுதான் சின்னையாவைப் பார்த்தேன். கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். நெற்றி நடுவில் ஒரு கறுப்புச் சிலுவை.

"என்ன சின்னையா, இன்னைக்கி சாம்பல்ல சிலுவை போடுற விபூதித் திருநாளா?" என்று கேட்டேவிட்டேன்.

"என்னடா உளர்ற? அது என்னைக்கோ போச்சே" என்றார் கண்ணைத் திறக்காமல்.

சாயங்கால மணி அடித்துச் செபம் முடிந்ததும் சின்னாத்தா தன் கட்டைவிரலால் அவர் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் தூங்கவைப்பார். தெருவுக்கே தெரியும். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் விளக்கும் ஏற்றுவதில்லை. நான் நிமிர்ந்தேன். நிலைப்படியில் சின்னாத்தா நின்றார். என்னைப் பார்த்தார், சின்னையாவின் நெற்றியைப் பார்த்தார், தன் கட்டைவிரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனார். மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்த துணி மூட்டையை எடுத்து வந்தார். பிளக், பாயிண்ட், கார்ப்பரேட்டர் எல்லாம் அதில் இருந்தன. மூட்டையை என்னிடம் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ சிரிச்சுட்டுப் போயிட்ட. அவுக நெசமாத்தான் சொன்னாக" என்றார். "ரோட்டுல பஸ்ஸு போனாலே கையப் பிடிச்சுக்குறாக. அந்தச் சத்தம் ஒரு தடவ காதுல விழுந்துச்சுன்னா அவுக மனசு விட்டுருவாகப்பா. நான் என்ன செய்ய?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே சின்னாத்தா."

"நீ எதைக் கேட்டாலும் நக்கல் பண்ணுவ."



வண்டியை ஊருக்கு வெளியே வைத்து ஓட்டுகிறேன் என்றேன். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்குமே என்றார். அதுவும் உண்மை. அப்புறம்தான் யோசித்தேன். சின்னையா பயப்படுவது வண்டிக்கு இல்லை, சத்தத்துக்கு. சத்தம் அப்படி இருப்பது சைலன்சரில் வால் இல்லாததால். ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்து, ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, குழாயின் முனையில் கம்பி போட்டுக் கட்டினேன். தன் மேல் போட்ட பழிக்கு நான் மன்னிப்புக் கேட்கிற வரை பேசமாட்டேன் என்றிருந்த மச்சான், டின்னைப் பார்த்ததும் பேசிவிட்டார். "மாப்ள, இது வண்டியா, இட்லிச் சட்டியா?"

சின்னாத்தா ஒப்புக்கொள்ள நாளாயிற்று. டின்னைத் தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். "இதுனால சத்தம் மாறும்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை, எனக்கும் சந்தேகம்தான் என்றேன். நான் உண்மை பேசியது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். மூட்டையை அவிழ்த்தார்.

மத்தியானம் சின்னையா கஞ்சி குடிக்கிற நேரமாகப் பார்த்தோம். சின்னாத்தா அவர் பக்கத்தில் இருப்பது, நான் மந்தைக்கு அப்பால் வண்டியை ஸ்டார்ட் செய்வது என்று பேச்சு. அவர் முகம் மாறினால் சின்னாத்தா கூரைமேல் துண்டை வீசுவார், நான் உடனே நிறுத்திவிட வேண்டும். லாரி டிரைவர் கொடுத்த ஒரு சீசா பெட்ரோலை ஊற்றினேன். மச்சான் தள்ளினார். வண்டி இரண்டு முறை தும்மியது. பிறகு பிடித்துக்கொண்டது.

புக்... புக்... புக்... புக்...

படபடப்பு இல்லை. யாரோ கனத்த ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. இத்தனை நாள் உருகி உருகிச் செய்த வண்டி உயிர் பிடித்து நிற்கிறது, நான் அதைப் பார்க்கவேயில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு வரவில்லை. ஆனால் சின்னாத்தா வேகவேகமாக நடந்து வந்தார். வண்டியை நிறுத்திவிட்டேன்.

"என்ன ஆச்சு சின்னாத்தா?"

"கஞ்சிக் கலயத்தத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாக" என்றார் மூச்சு வாங்க. "யாரோ வாய்க்கால்ல இன்ஜின் வச்சுத் தண்ணி இறைக்கிறானாம். நம்ம கொடிக்காலுத் தண்ணியாம். உன்னையக் கூப்பிடுறாக."

போனேன். சின்னையா கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். கண்ணில் அப்படி ஒரு கோபம்.

"எலே, கேட்டியாடா அந்தச் சத்தத்த? நான் படுத்துட்டேன்னதும் எவனோ மிசினு வச்சுட்டான். நீ ஒரு நடை போயி எவன்னு பாத்துட்டு வா. அவனுக்குத் தெரியக் கூடாது."

என்னை வேவு பார்க்க என்னையே அனுப்பினார். போனேன். வாய்க்கால் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "ஆளக் காணோம் சின்னையா" என்றேன்.

என் கையை உற்றுப் பார்த்தார். எண்ணெய்க் கறை. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் வருவான்" என்றார். "நானே வந்து பாக்குறேன். அந்தக் கம்ப எடு."

சின்னாத்தா மூலையில் கிடந்த ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நாளைக்கும் ஓட்டு என்கிறாரா, ஓட்டாதே என்கிறாரா, அந்தப் பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை.